இராஜாஜியும் மதுவிலக்கும்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 – டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், எழுத்தாளர், அரசியல் தலைவர் ஆவார். இராஜாஜி எனவும் சி. ஆர். எனவும் பரவலாக அறியப்படுகிறார். சென்னை மாகாணத்தின் பிரதமராகவும், பின்னர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகவும், இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராகவும் பணியாற்றினார். இவரது ஆட்சியில் 1937 ஆம் ஆண்டு அக்டோபர் 1 ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவையும் கஞ்சா, அபின் முதலிய போதைப்பொருட்களையும் ஒரே சட்டத்தின் கீழ் தடைசெய்து, மருந்தாகப் பயன்படும் பகுதிக்கு மட்டும் விலக்களித்த இம்முயற்சி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடம் பெறுகிறது. இக்கட்டுரை இராஜாஜியின் வாழ்வை மது, மருந்து ஆகியவற்றைப் பற்றிய அவரது கொள்கைகளை முதன்மைப்படுத்தி விவரிக்கிறது.

இளமையும் கல்வியும்

இராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை சக்கரவர்த்தி வேங்கடார்யா அவ்வூர் முன்சீப்பாக இருந்தவர், தாயார் சிங்காரம்மா. ஓசூரில் பள்ளிக் கல்வி பெற்ற இராஜாஜி, பெங்களூர் சென்டிரல் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்றார். 1897 இல் அலமேலு மங்கம்மாளை மணந்தார். இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். 1916 இல் மனைவி இறந்தபின் இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சேலத்தில் வழக்கறிஞர் பணி

1900 ஆம் ஆண்டளவில் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய இராஜாஜி விரைவிலேயே புகழும் பொருளும் ஈட்டினார். 1911 இல் சேலம் நகராட்சி உறுப்பினராகவும், 1917 முதல் 1919 வரை அதன் தலைவராகவும் இருந்தார். 1917 இல் அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்ட பெ. வரதராஜுலு நாயுடுவுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார்.

அறிவியலைத் தமிழில் சொல்லவேண்டும் என்பதில் இவருக்கு இளமை முதலே ஆர்வம் இருந்தது. 1916 இல் அறிவியல் கலைச்சொற்களை உருவாக்குவதற்கான ஒரு சங்கத்தை நண்பர்களுடன் சேர்ந்து ஏற்படுத்தினார். வேதியியல், இயற்பியல், தாவரவியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்கான தமிழ்ச் சொற்களை ஆக்குவது அச்சங்கத்தின் நோக்கமாகும். பிற்காலத்தில் இவர் எழுதிய திண்ணை ரசாயனம் என்னும் நூல், வேதியியலைப் பொதுமக்களுக்கு எளிய தமிழில் விளக்குவதாகும்.

1919 இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து எழுந்த இயக்கத்தின்போது காந்தியடிகளுடன் நெருக்கம் ஏற்பட்டது. ஒத்துழையாமை இயக்கத்தில் இணைந்த இராஜாஜி, வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு 1921 இறுதியில் சிறை புகுந்தார். கள்ளுக்கடை மறியல் அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாக இருந்தது. ஈரோட்டில் அதனை முன்னின்று நடத்தியவர், அக்காலத்தில் காங்கிரசில் இருந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி ஆவார். கள் இறக்கப்படுவதைத் தடுக்கத் தமது தோப்பிலிருந்த தென்னை மரங்களையே அவர் வெட்டச் செய்தார்.

புதுப்பாளையம் காந்தி ஆசிரமம்

1925 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அதனைத் திறந்து வைத்தவர் பெரியார் ஆவார். அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. கதர் உற்பத்தி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய மூன்றும் ஆசிரமத்தின் முதன்மைப் பணிகளாக இருந்தன. வறட்சிக் காலங்களில் சுற்றுவட்டாரப் பெண்களுக்கு நூல் நூற்பதால் கிடைத்த சிறு கூலி, குடும்பத்துக்கு உதவியாக இருந்தது. அந்தக் கூலியும் உழவுக் கூலியும் கள்ளுக்கடைக்குச் செல்வதை இராஜாஜி நேரில் கண்டார்.

1929 இல் ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்னும் மாத இதழ் வெளிவந்தது. மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே நடத்தப்பட்ட இவ்விதழுக்கு இராஜாஜி ஆசிரியராகவும் கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி துணை ஆசிரியராகவும் இருந்தனர். படங்கள், சிறுகதைகள், எளிய கட்டுரைகள் வாயிலாகக் குடியின் தீமைகள் விளக்கப்பட்டன. 1930 இல் இராஜாஜி வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றார். பத்து இதழ்களோடு விமோசனம் நின்றுபோனது. அந்த யாத்திரைக்கு வழிநடைப் பாடல் இயற்றியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ஆவார்.

இராஜாஜியின் சிறுகதைகள் பலவற்றில் குடியால் சிதையும் குடும்பங்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்றான திக்கற்ற பார்வதி, அவரது மறைவுக்குப் பின் 1974 இல் திரைப்படமாக வெளிவந்தது.

மருந்தியல் நோக்கில் மது

மதுவில் போதை தரும் பொருள் எத்தனால் (எத்தில் ஆல்ககால்) ஆகும். பனை, தென்னை, ஈச்சமரம் ஆகியவற்றிலிருந்து வடியும் இனிப்பு நீரிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்வதால் எத்தனால் உண்டாகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கிறது. தடவாவிடில் அதே நீர் சில மணி நேரத்தில் கள்ளாகிறது. கள்ளில் பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரை எத்தனால் இருக்கும். நொதித்த நீர்மத்தைக் காய்ச்சி வடிக்கும்போது எத்தனாலின் அளவு பல மடங்காகிச் சாராயம் கிடைக்கிறது.

குடித்த எத்தனாலில் ஒரு சிறு பகுதி இரைப்பையிலும் பெரும்பகுதி சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. அது மூளையில் காபா என்னும் தணிப்பு வேதிப்பொருளின் செயலை மிகுவித்து, குளூட்டமேட் என்னும் தூண்டு வேதிப்பொருளின் செயலைக் குறைக்கிறது. தொடக்கத்தில் தோன்றும் உற்சாகம், கட்டுப்பாட்டு மையங்கள் தளர்வதால் ஏற்படுவதே ஆகும். அளவு மிகும்போது தள்ளாட்டம், மயக்கம், மூச்சுத் தடை ஆகியவை வரிசையாக நிகழ்கின்றன.

பெரும்பாலான மருந்துகள் இரத்தத்தில் மிகுந்திருந்தால் விரைவாகவும் குறைந்திருந்தால் மெதுவாகவும் வெளியேறுகின்றன. எத்தனால் அவ்வாறன்றி ஏறத்தாழ ஒரே சீரான வேகத்தில் ஈரலால் சிதைக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவருக்கு இது மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆகும். 5 விழுக்காடு எத்தனால் கொண்ட அரை லிட்டர் கள்ளில் ஏறத்தாழ 20 கிராம் எத்தனால் உள்ளது. ஆகவே அதனை உடல் சிதைத்து முடிக்க இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகிறது. குளிப்பதாலோ மோர் குடிப்பதாலோ இவ்வேகம் கூடுவதில்லை.

தொடர்ந்து குடிப்பவரின் உடல் எத்தனாலுக்குப் பழகிவிடுவதால், அதே போதைக்கு மேலும் அதிக அளவு தேவைப்படுகிறது. பழகிய உடலுக்கு அது திடீரென நிறுத்தப்பட்டால் நடுக்கம், வலிப்பு, உளறல் முதலியன ஏற்படலாம்; சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். இன்று இந்நிலைக்கு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. 1937 இல் குடி பெரும்பாலும் ஒழுக்கக்கேடாகவே கருதப்பட்டதே அன்றி, மருத்துவம் வேண்டும் நோயாகக் கருதப்படவில்லை.

சட்டத்துக்கு முந்தைய நிலை

பிரித்தானிய ஆட்சியில் மதுவும் போதைப்பொருட்களும் தடைசெய்யப்படவில்லை. வரிக்குரிய பண்டங்களாகவே நடத்தப்பட்டன. அபினுக்கு 1878 ஆம் ஆண்டின் அபின் சட்டமும், சென்னை மாகாணத்தில் மதுவுக்கு 1886 ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டமும் இருந்தன. கள் இறக்கும் மரங்களுக்கு மரவரி விதிக்கப்பட்டது. கடைகள் ஏலம் விடப்பட்டன. 1930களில் சென்னை மாகாணத்தின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆப்காரித் துறையிலிருந்து கிடைத்தது. மக்களின் குடி கூடினால் அரசின் வருவாயும் கூடும் என்ற இந்த அமைப்பையே இராஜாஜி முதன்மையாக எதிர்த்தார்.

மருந்துகளைப் பொறுத்தவரை நிலைமை வேறாக இருந்தது. மதுவுக்கு உரிமம் கேட்ட அரசு, மருந்தின் தரத்தைப் பெரிதாகக் கேட்கவில்லை. போலி மருந்துகளும் தரமற்ற மருந்துகளும் சந்தையில் மலிந்திருந்ததை ஆராய, மருந்தியல் அறிஞர் இராம் நாத் சோப்ராவின் தலைமையில் 1930 இல் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் அறிக்கை வெளிவந்தது. எனினும் அதன் பரிந்துரைகளின் வழியே மருந்துச் சட்டம் நிறைவேற 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1937 ஆம் ஆண்டின் சட்டம்

1937 தேர்தலில் காங்கிரசு வெற்றி பெற்றதைத் தொடர்ந்து, சூலை மாதத்தில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அவரது அமைச்சரவையில் மருத்துவரான தி. சே. சௌ. இராஜன் பொது நலத்துறையை வகித்தார். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தைச் சேர்ந்த ப. சுப்பராயனும் அமைச்சராக இருந்தார். ஆட்சிக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சென்னை மதுவிலக்குச் சட்டம் (1937 ஆம் ஆண்டின் 10 ஆவது சட்டம்) நிறைவேற்றப்பட்டது.

மாகாணம் முழுவதும் ஒரே நேரத்தில் தடை விதிக்காமல், இராஜாஜி தம் சொந்த மாவட்டமான சேலத்தை முதற்களமாகத் தேர்ந்தார். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் பகுதிகளையும் உள்ளடக்கிய பெரும் நிலப்பரப்பாகும். அக்டோபர் 1 முதல் அங்கு மது, போதைப்பொருட்கள் ஆகியவற்றைத் தயாரித்தல், விற்றல், வைத்திருத்தல், அருந்துதல் யாவும் குற்றமாயின. 1938 இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 இல் வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் தடை விரிவாக்கப்பட்டது.

தடையோடு சில மாற்று ஏற்பாடுகளும் செய்யப்பட்டன. சுண்ணாம்பிட்ட கலயத்தில் பதநீர் இறக்க உரிமம் வழங்கப்பட்டது. பதநீரைக் காய்ச்சி வெல்லம் எடுப்பது ஊக்குவிக்கப்பட்டது. கடை மூடியபின் வெறுமையாகும் மாலைப் பொழுதுக்காக ஊர்களில் பசனை, விளையாட்டு, கலை நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. எனினும் பதநீர் இறக்கும் காலம் ஆண்டில் சில மாதங்களே என்பதாலும், கள்ளுக்குக் கிடைத்த விலை வெல்லத்துக்குக் கிடைக்காததாலும், மரமேறும் தொழிலாளர்களும் கடைகளை நம்பியிருந்தோரும் வாழ்வாதார இழப்புக்கு உள்ளாயினர்.

மருந்துக்கான விலக்கு

எத்தனால் போதைப்பொருளாக இருப்பதோடு மருந்துத் தயாரிப்பின் இன்றியமையாத கரைப்பானாகவும் உள்ளது. நீரில் கரையாத பல தாவரச் சத்துக்கள் எத்தனாலில் கரைகின்றன. டிங்சர் என அழைக்கப்படும் மருந்துகள் இவ்வகையின. டிங்சர் அயோடின் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் அரிட்டம், ஆசவம் எனப்படுபவை நொதித்தலால் தாமே எத்தனால் உண்டாகும் மருந்துகள் ஆகும். ஆகவே மருத்துவம், அறிவியல், தொழில், சமயச் சடங்கு ஆகிய தேவைகளுக்கு உரிமத்துடன் விலக்களிக்க வேண்டியதாயிற்று.

இந்த விலக்கு பிற்காலத்தில் தவறாகவும் பயன்பட்டது. மதுவிலக்கு ஆண்டுகளில் தமிழகத்தில் இஞ்சி டிங்சர் போதைக்காக அருந்தப்பட்டது. மர வேலைக்கான வார்னிசும் பிரெஞ்சு பாலிசும்கூட வடிகட்டிக் குடிக்கப்பட்டன. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்த அமெரிக்காவிலும் இதையொத்த நிகழ்வு நேர்ந்தது. 1930 இல் அங்கு விற்கப்பட்ட இஞ்சிச் சாற்று மருந்தில், சோதனையிலிருந்து தப்புவதற்காக ஒரு பாசுபேட்டுச் சேர்மம் கலக்கப்பட்டதால் ஆயிரக்கணக்கானோருக்குக் கால்கள் செயலிழந்தன.

சேலத்தில் தடை தொடங்கிய அதே இலையுதிர் காலத்தில், அமெரிக்காவில் சல்பனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பானில் கரைத்து விற்றதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். இதன் விளைவாக 1938 இல் அங்கு புதிய மருந்துச் சட்டம் பிறந்தது. விற்பனைக்கு முன்பே மருந்தின் பாதுகாப்பை உற்பத்தியாளர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற கொள்கை இச்சட்டத்தால் நிலைபெற்றது.

விற்பனை வரி

மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939 இல் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் பொருட்கள் அனைத்துக்குமான முதல் பொது விற்பனை வரி இதுவேயாகும். வணிகரின் மொத்த விற்பனையில் பொதுவாக அரை விழுக்காடு வரியாக விதிக்கப்பட்டது. வணிகர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். குடிக்காதவரும் குடிப்பவரின் பொருட்டு வரி கட்ட வேண்டியுள்ளது என்ற குறை எழுந்தது.

பின்னர் ஏனைய மாகாணங்களும் இம்முறையைப் பின்பற்றின. பல பத்தாண்டுகளுக்கு மாநில அரசுகளின் முதன்மை வருவாயாக விற்பனை வரியே இருந்தது. 2017 இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோதும் மனிதர் அருந்தும் மது அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டது. மதுவின் வருவாய்க்கு மாற்றாகப் பிறந்த வரி நிலைத்தது. மதுவின் வருவாயும் பின்னர்த் திரும்பி வந்தது.

இவ்வாட்சிக் காலத்தில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதால் எழுந்த போராட்டம் இராஜாஜிக்குப் பெரும் எதிர்ப்பை ஈட்டித் தந்தது. இந்திய மக்களைக் கேளாமலே இந்தியா இரண்டாம் உலகப் போரில் ஈடுபடுத்தப்பட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது.

விடுதலைக்குப் பின்

இராஜாஜி 1947 இல் மேற்கு வங்க ஆளுநராகவும், 1948 சூன் முதல் 1950 சனவரி வரை இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் இருந்தார். பின்னர் நடுவண் உள்துறை அமைச்சராகப் பணியாற்றினார். இதற்கிடையில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவை, 1948 அக்டோபர் 2 ஆம் நாள் மதுவிலக்கைச் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கியது.

1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 47 ஆவது உறுப்பு, மருத்துவத் தேவை தவிர்த்த ஏனைய பயன்பாட்டுக்கான மதுவையும் உடல்நலத்துக்குத் தீங்கான போதைப்பொருட்களையும் தடைசெய்ய அரசு முயலவேண்டும் எனக் கூறுகிறது. சேலத்தில் நடைமுறைப்படுத்தப்பட்ட அதே பாகுபாடு இதிலும் காணப்படுகிறது. 1951 இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் தொடர்பான வழக்கில், எத்தனால் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருட்களையும் பயன்படுத்துவதைத் தடுக்கும் பிரிவுகள் செல்லா என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1955 இல் இத்தகைய பொருட்களின் மீதான வரியை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

1952 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரான இராஜாஜி, உணவுப் பங்கீட்டு முறையை நீக்கினார். 1953 இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலக்கல்வித் திட்டம் என விமரிசிக்கப்பட்டுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். அவ்வாண்டே பாரத ரத்னா விருது பெற்றார்.

பி.சி.ஜி. தடுப்பூசி குறித்த நிலைப்பாடு

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி பிரான்சில் உருவாக்கப்பட்டு 1921 இல் முதன்முதலாக மனிதருக்குத் தரப்பட்டது. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள நுண்ணுயிரை உடலில் செலுத்தி நோயெதிர்ப்பைத் தூண்டுவது இதன் முறையாகும். 1930 இல் செருமனியின் லூபெக் நகரில், தடுப்பு மருந்தில் வீரியமிக்க காசநோய்க் கிருமி கலந்துவிட்டதால் 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். இந்தியாவில் 1948 இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிப்புக் கூடம் நிறுவப்பட்டது. பின்னர் நாடு தழுவிய ஊசி இயக்கம் தொடங்கியது.

1955 இல் இராஜாஜி இவ்வியக்கத்தை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்ததோடு, ஒரு சிறுநூலையும் வெளியிட்டார். தடுப்பூசியின் பயன் ஐயமின்றி நிறுவப்படவில்லை, வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது, நலமாக உள்ள குழந்தைகளுக்கு உயிருள்ள கிருமியைச் செலுத்தும் முன் பெற்றோருக்கு முழுச் செய்தியும் தெரிவிக்கப்படவில்லை என்பன அவரது வாதங்கள். நடுவண் சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌரும் மருத்துவத் துறையினரும் இவற்றை மறுத்தனர். காசநோய் ஆண்டுதோறும் பெருந்தொகையானோரைக் கொல்லும் நாட்டில், இத்தகைய எதிர்ப்பு மக்களைத் தடுப்பூசியிலிருந்து விலக்கிவிடும் என்பது அவர்களது கவலையாகும்.

1968 இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இலட்சக்கணக்கானோரிடம் பி.சி.ஜி. ஆய்வு தொடங்கப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் தடுப்பூசிக்குப் பயன் காணப்படவில்லை என்பது 1979–80 இல் வெளியான முதல் முடிவுகளால் தெரியவந்தது. அதே வேளையில், குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோயையும் உடல் முழுவதும் பரவும் காசநோயையும் தடுப்பதில் அது பயனுள்ளது என்பது வேறு ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. ஆகவே இந்தியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி தொடர்ந்து போடப்பட்டு வருகிறது. சான்றுகள் போதா என்ற இராஜாஜியின் வாதம் ஓரளவு சரியாக அமைந்தது. தடுப்பூசியே தீங்கானது என்ற அச்சத்துக்கு ஆதரவு கிட்டவில்லை.

மதுவைப் பொறுத்தவரை அரசு தலையிட வேண்டும் என்றும், தடுப்பூசியைப் பொறுத்தவரை அரசு தயங்க வேண்டும் என்றும் இராஜாஜி கூறியது முரணாகத் தோன்றக்கூடும். உடலுக்குள் செல்லும் ஒரு பொருளை மக்களிடம் கொண்டுசேர்க்கும் அரசே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான கருத்தாகும். எனினும் மதுவிலக்கின் பயனையும் தீங்கையும் அளந்து காண்பதில், தடுப்பூசிக்கு அவர் கேட்ட அதே கடுமையான சான்றை அவர் கேட்கவில்லை.

இறுதி ஆண்டுகள்

1958 இல் சக்கரவர்த்தித் திருமகன் நூலுக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்ற இராஜாஜி, 1959 இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அரசின் உரிமக் கட்டுப்பாடுகளை எதிர்த்த அக்கட்சியின் நிறுவனராக இருந்தபோதும் மதுவிலக்கில் அவர் உறுதி தளரவில்லை. 1962 இல் அமெரிக்கா சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு குடியரசுத் தலைவர் கென்னடியிடம் வலியுறுத்தினார்.

1971 இல் தி.மு.க. அரசு, நிதி நெருக்கடியைக் காரணமாகக் காட்டி மதுவிலக்கை ஒத்திவைக்க முடிவு செய்தது. 92 வயதான இராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் மு. கருணாநிதியின் இல்லத்துக்கே சென்று, அம்முடிவைக் கைவிடுமாறு வேண்டினார். முடிவு மாறவில்லை. ஆகத்து 30 ஆம் நாள் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் இராஜாஜி சென்னை அரசு பொது மருத்துவமனையில் காலமானார். சென்னை கிண்டியில் அவருக்கு நினைவாலயம் உள்ளது. தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது.

பிற்கால நிலை

1974 இல் கருணாநிதி அரசு மதுவிலக்கை மீண்டும் கொண்டுவந்தது. 1981 இல் ம. கோ. இராமச்சந்திரன் அரசு அதனைத் தளர்த்தியது. 1983 இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே அதன் வழி நடத்துகிறது. கள் இறக்குவதற்கான தடை 1987 முதல் நீடிக்கிறது. அதனை நீக்குமாறு பனை, தென்னை உழவர்கள் கோரி வருகின்றனர்.

1937 ஆம் ஆண்டின் சட்டம் பல திருத்தங்களுடன் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் இன்றும் உள்ளது. கள்ளச் சாராய வழக்குகள் இதன்கீழேயே பதிவாகின்றன. கள்ளச் சாராய இறப்புகளுக்குப் பெரும்பாலும் மெத்தனால் காரணமாகிறது. எத்தனாலைச் சிதைக்கும் அதே ஈரல் நொதி மெத்தனாலையும் சிதைக்கிறது. அப்போது உண்டாகும் பார்மிக் அமிலம் பார்வை நரம்பை அழித்து, இரத்தத்தை அமிலமாக்குகிறது. 10 மில்லி லிட்டர் அளவே கண்பார்வையைப் பறிக்கப் போதுமானது. மருத்துவமனையில் தூய எத்தனால் அல்லது போமெபிசோல் தரப்பட்டு அந்நொதியின் செயல் தடுக்கப்படுகிறது. மெத்தனால் நச்சாக மாறாமல் வெளியேற இது உதவுகிறது.

2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்திய 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பலர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அம்மாத இறுதியில் தமிழ்நாடு சட்டமன்றம் 1937 ஆம் ஆண்டின் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கியது.